போட்டோஷாப் அப்புறம், முதலில் உங்கள் வீட்டு டேப்ரெக்கார்டர்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களைப் பார்த்தால் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு. வாங்கி ஒரு மாதம் ஆகிவிட்டது, இதில் நீங்களாகவே உருவாக்கி சேவ் செய்து வைத்த பைல் ஒன்றைக் காட்டுங்கள் என்பேன். பெரும்பாலும் பதில் வராது. பாட்டு கேட்டிருப்பார்கள், சினிமா பார்த்திருப்பார்கள், பிள்ளைகள் கேம்ஸ் விளையாடியிருப்பார்கள். டாக்குமெண்ட்ஸ் போல்டரைத் திறந்தால் காலியாக இருக்கும். கடன் வாங்கி, தவணை கட்டி வாங்கிய பொருள், ஏற்கனவே வீட்டில் இருக்கும் டிவி செய்கிற வேலையையே செய்துகொண்டிருக்கிறது.

இதற்கு எல்லோரும் சொல்லும் வழி, ஏதாவது ஒரு கோர்ஸில் சேர்ந்துவிடுவது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பஸ்ஸில் போனால் டேலி, போட்டோஷாப், கோரல்டிரா என்று எழுதிய போர்டுகள் வழியெல்லாம் தெரியும். இவற்றைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. வேலைக்குப் போகிறவர்களுக்கு அவை தேவைதான். ஆனால் அண்மையில் என்னிடம் வந்த ஒரு இல்லத்தரசி, ஒரு பயிற்சி மையத்தில் போட்டோஷாப் வகுப்புக்கு பணம் கட்டியிருந்தார். லேயர், மாஸ்க், பில்டர் எல்லாம் நோட்டில் அழகாக எழுதி வைத்திருந்தார். தான் செய்த படம் எந்த போல்டரில் சேவ் ஆகியிருக்கிறது என்று கேட்டால் தெரியவில்லை. காப்பி செய்வதற்கும் கட் செய்வதற்கும் என்ன வித்தியாசம் என்றும் தெரியவில்லை. மாடிப்படி ஏறாமலே மொட்டை மாடிக்குப் போன கதைதான்.

திருவொற்றியூரில் மாலை நேரத்தில் அக்கம்பக்கத்தாருக்கு கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறேன். புதியவர்களுக்கு முதல் பாடம் பெயிண்ட் புரோகிராமாகத்தான் இருக்க வேண்டும், அதில் முதல் படம் அவரவர் வீட்டில் பரண் மேல் கிடக்கும் பழைய டூ-இன்-ஒன் டேப்ரெக்கார்டராக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. சிரிக்க வேண்டாம். காரணம் சொல்கிறேன், பிறகு எப்படி வரைவது என்றும் சொல்கிறேன்.

பெயிண்ட் புதிதல்ல. 1985 நவம்பரில் வந்த விண்டோஸின் முதல் பதிப்பிலேயே அது இருந்தது. 2017 ஜூலையில் மைக்ரோசாப்ட் இதை இனிமேல் மேம்படுத்தப் போவதில்லை என்று ஒரு பட்டியலில் அறிவித்தபோது உலகம் முழுவதும் எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த நாளே, பெயிண்ட் எங்கும் போகாது என்று கம்பெனி சொல்ல வேண்டியதாயிற்று. 2023-ல் லேயர் வசதிகூட இதில் சேர்ந்துவிட்டது. உங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸ் இருந்தால் பெயிண்டுக்கு தனியாக பைசா செலவில்லை. விளையாட்டுப் பொருள் என்று நினைத்து யாரும் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

ஏன் டேப்ரெக்கார்டர்?

பூ வரையச் சொன்னால் கை நடுங்கும். யானை வரையச் சொன்னால் மவுஸை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். டூ-இன்-ஒன் அப்படியல்ல. பெட்டி ஒரு செவ்வகம், ஸ்பீக்கர் இரண்டு வட்டம், கேசட் போடும் கதவு இன்னொரு செவ்வகம், ஏரியல் ஒரு நேர்கோடு. பெயிண்டில் உள்ள டூல்களைக் கொண்டு யார் வேண்டுமானாலும் வரையக்கூடிய பொருள் அது. ஓவியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் விரலுக்கு இந்தப் பெட்டி நன்றாகத் தெரியும். இன்று வீடியோ பார்க்கும்போது திரையில் தெரியும் முக்கோணம், பக்கத்தில் இரண்டு கோடு, சதுரம், இரட்டை முக்கோணம், சிவப்பு வட்டம் எல்லாம் டேப்ரெக்கார்டரில் நாம் அழுத்திய பட்டன்களின் அடையாளங்கள்தான். கேசட்டின் பின்பக்க மூலையில் உள்ள சிறிய பிளாஸ்டிக் தட்டை உடைத்துவிட்டால் அதில் மறுபடி ரெக்கார்டு செய்ய முடியாது அல்லவா? கம்ப்யூட்டரில் ஒரு பைலை ரீட்-ஒன்லி ஆக்குவதும் அதேதான். ஏற்கனவே பாட்டு இருக்கும் கேசட்டில் புதுப்பாட்டை பதிந்தால் பழையது அழிந்துவிடும். சேவ் கட்டளை அப்படிப்பட்டது. புதுக் கேசட் போட்டு பதிவு செய்வது சேவ் ஆஸ். இந்த ஒரு உதாரணத்தை சொன்னதும் புரிந்துகொண்டவர்கள் என்னிடம் பலர் உண்டு. ஒரு மணி நேரம் போர்டில் எழுதி விளக்கியபோது புரியாதது அது.

கேசட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நிஜமாகவே உறவும் உண்டு. 1982-ல் இங்கிலாந்தில் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் போன்ற வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு புரோகிராம்கள் ஆடியோ கேசட்டில்தான் வந்தன. சாதாரண டேப்ரெக்கார்டரை ஒயரில் இணைத்து பிளே பட்டனை அழுத்தினால் 'கீச்' என்று சத்தம் போட்டபடி புரோகிராம் ஏறும். 1981-ல் ஐபிஎம் வெளியிட்ட முதல் பிசியின் பின்புறத்திலும் கேசட் ரெக்கார்டருக்கென்று ஒரு இணைப்பு இருந்தது.

பொருளின் கதையையும் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம். பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் பெர்லின் கண்காட்சியில் கேசட்டை அறிமுகம் செய்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் லூ ஓட்டன்ஸ். அளவை முடிவு செய்வதற்காக, கோட்டுப் பையில் அடங்கும்படி ஒரு மரக்கட்டையை வெட்டி வைத்துக்கொண்டுதான் வேலையை ஆரம்பித்தாராம். அவர் 2021-ல் காலமானார். ரேடியோவையும் கேசட்டையும் ஒரே பெட்டியில் வைத்த செட்களும் 1960களிலேயே வந்துவிட்டன. எழுபதுகளின் கடைசியில் ஜப்பான் கம்பெனிகள் இரண்டு பெரிய ஸ்பீக்கர், கைப்பிடி, பேட்டரி என்று ஸ்டீரியோ செட்களை உலகமெங்கும் அனுப்பின. அமெரிக்காவில் அதற்குப் பெயர் பூம்பாக்ஸ். நமக்கு டூ-இன்-ஒன், அல்லது வெறும் 'செட்டு'.

நம் பக்கத்துக்கு அது வந்த வழி பலருக்கும் தெரியும். ராயபுரம் ஸ்டேஷனில் ரயிலேறினால் அடுத்த நிறுத்தம் பீச். இறங்கினால் ராஜாஜி சாலையில் பர்மா பஜார். அறுபதுகளில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் பிழைப்புக்காக ஏற்படுத்திய கடைத்தெரு அது. வெளிநாட்டுப் பொருள் இறக்குமதிக்கு கடுமையான கட்டுப்பாடு இருந்த காலத்தில் 'பாரின் செட்' என்றால் அங்கேதான். கப்பலில் வேலை பார்த்தவர்களும் வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களும் கையோடு கொண்டு வந்ததும் உண்டு. நேஷனல் பானாசோனிக், சான்யோ, ஷார்ப், சோனி என்று பெயரைச் சொல்லியே தெருவில் வீட்டுக்கு அடையாளம் சொன்னார்கள். இன்று அவை பரணில் கிடக்கின்றன. ஒவ்வொரு போகிக்கும் நாலைந்து செட்கள் காயலான் கடைக்குப் போவதை நானே பார்க்கிறேன். பிளாஸ்டிக் எடைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் இதை அடுத்த வருடம் செய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன்.

வரையத் தொடங்குவோம்

செட்டைப் பரணிலிருந்து இறக்கி, துடைத்து, கம்ப்யூட்டர் பக்கத்தில் வையுங்கள். ஞாபகத்தில் இருந்து வரைய வேண்டாம். தையல் டேப் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் வைத்திருப்பவர்கள் டச்பேடில் வரைய முயல வேண்டாம், வெறுத்துப்போய்விடும். குறைந்த விலையில் ஒரு மவுஸ் வாங்கி இணைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு. என் எதிரில் இருந்த செட் 16 அங்குல அகலம், 9 அங்குல உயரம். கம்ப்யூட்டர் திரையில் அங்குலம் கிடையாது, பிக்சல் எனப்படும் புள்ளிகள்தான். ஒரு அங்குலத்துக்கு 40 புள்ளி என்று வைத்துக்கொண்டால் 640 புள்ளி அகலம், 360 புள்ளி உயரம். ஸ்பீக்கர் 5 அங்குலம், அதாவது 200 புள்ளி. உங்கள் செட்டின் அளவு வேறாக இருந்தால் இதே கணக்கைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மார்கழியில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிற பெண்களுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடுகிறது, ஆண்கள்தான் கொஞ்சம் தடுமாறுகிறார்கள்.

ஸ்டார்ட் பட்டனை கிளிக் செய்து பெயிண்ட் என்பதற்கான ஐந்து ஆங்கில எழுத்துகளை டைப் செய்தால் புரோகிராம் தோன்றும். அதைத் திறந்து, கண்ட்ரோல் கீயுடன் ஈ எழுத்தை அழுத்துங்கள். படத்தின் அளவைக் கேட்கும் சிறிய விண்டோ தோன்றும். அகலம் 800, உயரம் 600 என்று கொடுங்கள். இப்போது மவுஸை வெள்ளைப் பரப்பின் மேல் நகர்த்தி, கீழே ஸ்டேட்டஸ் பாரைப் பாருங்கள். இரண்டு எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். முதல் எண் இடது ஓரத்திலிருந்து எத்தனை புள்ளி, இரண்டாவது மேலிருந்து எத்தனை புள்ளி. இனி நான் 80, 140 என்று சொன்னால் அந்த இடத்துக்கு மவுஸைக் கொண்டு போக வேண்டும் என்று அர்த்தம். கண்ட்ரோல் கீயுடன் ஜி எழுத்தை அழுத்தினால் கட்டங்கள் தெரியும். காசிமேட்டில் விசைப்படகுக்கு பெயர் எழுதும் பெயிண்டர் எடுத்த எடுப்பில் பிரஷைத் தொட மாட்டார், நூல் அடித்துக்கொண்டுதான் எழுத்தை ஆரம்பிப்பார். நமக்கு நூல் இந்தக் கட்டங்கள்தான். படத்தில் இவை பதிவாகாது.

கைப்பிடியை முதலில் வரையுங்கள். பின்னால் இருக்கும் பொருளை முதலில் வரைந்துவிட்டு, முன்னால் இருப்பதை அதன் மேல் வரைய வேண்டும். முனை மழுங்கிய செவ்வகத்தைத் தேர்வு செய்து 120, 80-ல் அழுத்திப் பிடித்து 680, 170 வரை இழுத்து விடுங்கள். அதற்குள் 145, 105-லிருந்து 655, 170 வரை இன்னொன்று. அடுத்ததாக பெட்டி. சாதாரண செவ்வகத்தை எடுத்து, பில் என்ற இடத்தில் சாலிட் கலர் தேர்வு செய்து, இரண்டாவது நிறமாக சாம்பலை வைத்து, 80, 140-லிருந்து 720, 500 வரை இழுங்கள். கைப்பிடியின் அடிப்பாகம் பெட்டிக்குப் பின்னால் மறைந்துவிடும். புதிய விண்டோஸில், வரைந்த உருவத்தைச் சுற்றி புள்ளிக்கோடு இருக்கும்வரை அதை இழுத்து நகர்த்தி சரி செய்துகொள்ளலாம். வெளியே ஒரு கிளிக் செய்துவிட்டால் படத்தோடு ஒட்டிவிடும். தவறாகப் போனால் கண்ட்ரோல் இசட். எக்ஸ்பி காலத்துப் பெயிண்டில் மூன்று முறைதான் பின்னால் போக முடியும். இப்போது அந்தத் தொல்லை இல்லை.

பெட்டியின் மேல் பாகத்தில் 240-வது புள்ளி உயரத்தில் ஒரு குறுக்குக்கோடு போடுங்கள். ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு இழுத்தால் கோடு கோணாது. கோட்டுக்கு மேலே ரேடியோ, கீழே டேப்.

இனி ஸ்பீக்கர். வட்ட டூலை எடுத்து, ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு, 90, 270-லிருந்து 290, 470 வரை இழுங்கள். ஷிப்ட் இல்லாவிட்டால் முட்டையாகிவிடும். இதற்குள் இன்னொரு வட்டம் வேண்டும். இங்கேதான் பலரும் திணறுகிறார்கள். பெயிண்ட் வட்டத்தை நடுவிலிருந்து வரையாது, மூலையிலிருந்து வரையும். ஆகவே எல்லாப் பக்கமும் 20 புள்ளி உள்ளே வாருங்கள். 110, 290-லிருந்து 270, 450 வரை. நடுவில் குமிழ் மாதிரி இருக்கும் மூடிக்கு 160, 340-லிருந்து 220, 400 வரை. மூன்று வட்டமும் ஒரே மையத்தில் உட்கார்ந்துவிடும்.

வலது ஸ்பீக்கரை வரையவே கூடாது! செலக்ட் டூலால் இடது ஸ்பீக்கரைச் சுற்றி ஒரு சதுரம் இழுத்து, கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி கொடுங்கள். நகல் இடது மேல் மூலையில் வந்து நிற்கும். அதை அப்படியே இழுத்துக்கொண்டு போய் வலப்பக்கம், 510-லிருந்து 710 வரை வரும்படி வைத்து விடுங்கள். ஒருமுறை செய்ததை மறுபடி செய்யாமல் இருப்பதற்குத்தான் கம்ப்யூட்டர். இந்த இடத்தில் முகம் மலராத ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

நடுவில் 300, 270-லிருந்து 500, 390 வரை கேசட் கதவு. உள்ளே 320, 280-லிருந்து 480, 380 வரை கேசட். கேசட்டின் உண்மையான அளவு சுமார் 10 சென்டிமீட்டருக்கு 6.4 சென்டிமீட்டர். நம் கணக்கில் 160-க்கு 100 புள்ளி, சரியாகப் பொருந்துகிறது. உள்ளே இரண்டு பல்சக்கரம். ஒவ்வொன்றிலும் எத்தனை பல் என்று கேட்டால், வருஷக்கணக்கில் பென்சில் விட்டுச் சுற்றியவர்கள்கூட யோசிப்பார்கள். ஆறு. கதவைத் திறந்து எண்ணிப் பாருங்கள். இடப்பக்கம் டேப் சுருள் பெரிதாகவும் வலப்பக்கம் சிறிதாகவும் வரைந்தால் பாட்டு இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். உங்களுக்குப் பிடித்த பாட்டு எந்த இடத்தில் வருமோ அந்த அளவுக்கு வரையுங்கள். சில செட்களில் கேசட்டை தலைகீழாகப் போட வேண்டியிருக்கும். பட்டன்கள் மேலே இருக்கும் செட்களில் இதைப் பார்க்கலாம். அப்படியானால் படத்திலும் அப்படியே இருக்கட்டும்.

கதவுக்குக் கீழே ஆறு பட்டன். ஒரு பட்டன் 30 புள்ளி அகலம், 60 புள்ளி உயரம். 300, 410-ல் முதல் பட்டனை வரைந்து, காப்பி செய்து, 34 புள்ளிக்கு ஒன்றாக ஐந்து முறை ஒட்டுங்கள். கடைசிப் பட்டன் சரியாக 500-ல் முடியும். எந்த அடையாளம் எந்தப் பட்டனில் என்பதை உங்கள் செட்டைப் பார்த்துப் போடுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி வரிசை மாறும். பிளே முக்கோணம் இடப்பக்கம் பார்க்கிற செட்டும் உண்டு. டேப் ஓடும் திசையைக் காட்டும் குறி அது. ரெக்கார்டு பட்டனில் மறக்காமல் சிவப்பு வையுங்கள். அதைத் தனியாக அமுக்கினால் போதாது, பிளேயோடு சேர்த்து அமுக்க வேண்டும் என்பது ஞாபகம் இருக்கிறதா?

ரேடியோ ஸ்கேல் எனக்குப் பிடித்த பகுதி. மீடியம் வேவ் வரிசையில் 54, 60, 70, 80, 100, 120, 160 என்று எழுதியிருக்கும். கூர்ந்து பார்த்தால், எண்கள் சம இடைவெளியில் இருக்காது. ஒரு பக்கம் தாராளமாகவும் இன்னொரு பக்கம் நெருக்கமாகவும் இருக்கும். அதை அப்படியே வரைய வேண்டும். சிவப்பு முள்ளை 72-க்கு நேரே வைத்தால் 720 கிலோஹெர்ட்ஸ், சென்னை வானொலியின் ஏ அலைவரிசை. எப்எம் உள்ள செட்டாக இருந்தால் 88-லிருந்து 108 வரை இன்னொரு வரிசை. இந்தியாவில் முதல் எப்எம் ஒலிபரப்பு 1977 ஜூலை 23-ம் தேதி நம் சென்னையில்தான் தொடங்கியது என்பதை அதை வரையும்போது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஏரியலுக்கு 690, 140-லிருந்து 790, 40 வரை ஷிப்ட் கீயுடன் சாய்கோடு. அடிப்பாகம் தடிமனாக, நடுப்பாகம் அதைவிட மெல்லியதாக, நுனி இன்னும் மெல்லியதாக மூன்று துண்டாக வரைந்தால் இழுத்து நீட்டும் ஏரியல் மாதிரியே வரும்.

கடைசியில் நிறம். பெயிண்ட் டப்பா போன்ற பில் டூலால் ஒரு இடத்தில் கிளிக் செய்ததும் நிறம் படம் முழுவதும் கொட்டிவிட்டால் பயப்பட வேண்டாம். எங்கோ கோட்டில் ஓட்டை இருக்கிறது. கண்ட்ரோல் இசட் கொடுத்து, பூதக்கண்ணாடி டூலால் பெரிதாக்கி ஓட்டையைத் தேடி, பென்சிலால் அடைத்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் இன்னொரு வேலையும் செய்யலாம். நம் பக்கம் உப்புக் காற்றில் ஏரியல் மூட்டும் ஸ்பீக்கர் வலையும்தான் முதலில் துருப்பிடிக்கும். எடிட் கலர்ஸ் பகுதியில் சிவப்பு 150, பச்சை 75, நீலம் 30 என்று கொடுத்தால் துரு நிறம் கிடைக்கும். ஸ்ப்ரே பிரஷை எடுத்து அந்த இடங்களில் லேசாகத் தெளியுங்கள். புது செட் மாதிரி பளபளவென்று வரைவதில் எனக்கு உடன்பாடில்லை.

செல்போனில் போட்டோ எடுத்தால் போதாதா?

கட்டாயம் கேட்பீர்கள். ஒரு நொடியில் முடியும் வேலைக்கு இரண்டு மாலை நேரம் எதற்கு? அதுமட்டுமல்ல, இப்போது ஏஐ வந்துவிட்டது. பழைய டேப்ரெக்கார்டர் என்று எழுதினால் படம் தானாக வந்துவிடுகிறது. சில புதிய கம்ப்யூட்டர்களில் பெயிண்டுக்குள்ளேயே அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது.

போட்டோ எடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் போட்டோ எடுக்கும்போது கதவின் கீல் எந்தப் பக்கம், பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று நீங்கள் பார்ப்பதில்லை. கேமராதான் பார்க்கிறது. கம்ப்யூட்டரில் காப்பி, பேஸ்ட், அன்டூ, சேவ் எதுவும் அதனால் கைக்கு வருவதுமில்லை.

ஏஐ பற்றி என்னிடம் படிக்கும் ஒரு பெரியவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1983-ல் பர்மா பஜாரில் வாங்கிய செட் அவருடையது. மோட்டார் ஓடுவதில்லை. எடைக்குப் போட்டுவிடலாம் என்று மகன் நச்சரித்துக்கொண்டிருக்கிறார். பேரன் ஏஐ மூலம் ஒரு படம் செய்து காட்டினான். பளபளவென்று, கலர் விளக்கெல்லாம் எரிய, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா தம்பி இது? ரீவைண்டு பட்டனே காணோம். பாட்ட எப்டி திருப்பிக் கேப்பான்?"

"அது கம்ப்யூட்டர் தானா யோசிச்சுப் போட்ட படம், ஐயா. உங்க செட்ட அது பார்த்ததில்ல."

"அப்போ யார் வூட்டு செட்டு இது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. யார் வீட்டு செட்டும் இல்லை என்பதுதான் உண்மை. அவர் வீட்டு செட்டில் பேட்டரி மூடியின் கொக்கி உடைந்து, சைக்கிள் டியூபை வெட்டிய ரப்பர் ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். டோன் குமிழுக்குப் பதில் டூத்பேஸ்ட் மூடி. அவர் அண்ணன் உட்கார்ந்து பாடிய கானாவை ரெக்கார்டு செய்தது அந்த செட்டில்தான். அண்ணன் இப்போது இல்லை. எந்த ஏஐக்கும் அந்த டூத்பேஸ்ட் மூடி தெரியாது. அதை பெரியவர் வரைந்தார். முதல் நாள் மவுஸைப் பிடிக்கத் தெரியாமல் மேஜை விளிம்பு வரை தள்ளிக்கொண்டே போனவர், நான்காம் நாள் பூதக்கண்ணாடி டூலால் எட்டு மடங்கு பெரிதாக்கி அந்த மூடியின் வரிகளை ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டிருந்தார். போட்டோஷாப் கற்றுக்கொள்ள இவரைவிடத் தகுதியானவர் யார்? இனி எந்த புரோகிராமைத் திறந்தாலும் அவருக்குப் பயம் இருக்காது. ஆனால் அவருக்குத் தேவை வேறு. கேசட்டில் உள்ள பாட்டை கம்ப்யூட்டருக்கு மாற்றுவது எப்படி என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார். வேறொரு செட்டில் கேசட்டை ஓட விட்டு, ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஒயரை கம்ப்யூட்டரின் ஆடியோ இன்புட்டுக்குக் கொடுத்து, இலவச புரோகிராமான அடாசிட்டியில் பதிவு செய்யலாம். சில லேப்டாப்களில் அந்தத் துளை இருக்காது, விலை குறைந்த யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வாங்க வேண்டியிருக்கும்.

சேவ் செய்வதில் இரண்டு விஷயம். பைல் பெயர் என்ற இடத்தில் அன்டைட்டில்ட் என்றே விட்டுவிடாதீர்கள். செட்டின் பெயரும் வருஷமும் கொடுங்கள், தமிழிலேயே டைப் செய்யலாம். பைல் வகையில் பிஎன்ஜி தேர்வு செய்யுங்கள். ஜேபெக் போட்டோவுக்கு ஏற்றது, கோட்டுப் படத்தில் கோடுகளின் ஓரத்தில் அழுக்குப் படிந்தது போல் செய்துவிடும். பிட்மேப் என்றால் 800-ஐ 600-ஆல் பெருக்கி, ஒரு புள்ளிக்கு 3 பைட் வீதம் 14 லட்சத்து 40 ஆயிரம் பைட் ஆகும். இதே படம் பிஎன்ஜியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இரண்டு வகையிலும் ஒருமுறை சேவ் செய்து, ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் அளவைப் பாருங்கள்.

பிரிண்ட் எடுப்பதாக இருந்தால் பைல் மெனுவில் பேஜ் செட்டப் போய் லேண்ட்ஸ்கேப் தேர்வு செய்து, பிட் டு என்ற இடத்தில் 1 பை 1 கொடுங்கள். ஏரியல் அடுத்த பக்கத்துக்குப் போகாமல் இருக்கும். வீட்டில் பிரிண்டர் இல்லாதவர்கள் பென் டிரைவில் போட்டு தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கொடுக்கலாம். பென் டிரைவ் திரும்பி வந்ததும் வைரஸ் ஸ்கேன் செய்துவிட்டுத் திறங்கள்.